வியாழக்கிழமைக்காரர்

அந்தப் பட்டறையில் எதிரொலி கிடையாது. சுவரோரமெல்லாம் கூரை முட்ட அடுக்கியிருந்த ஃபோம் கட்டைகள் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடும். வாசலில் நின்று கத்தினால் உள்ளே நிற்பவருக்குக் கிசுகிசுப்பாகத்தான் கேட்கும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குக் கொஞ்ச நாள் காது அடைத்துக்கொண்டதுபோல இருக்கும். பழகிய பிறகு, தெருவில் இறங்கினால் உலகம் எதற்கு இப்படிக் கூச்சல் போடுகிறது என்று தோன்றும். வெட்டும்போது கிளம்பும் வெள்ளைத் தூள், கூரைக் கண்ணாடி வழியாக விழும் வெயிலில், கீழே இறங்க மனமில்லாமல் மிதந்துகொண்டே இருக்கும். உள்ளே நடமாடுகிறவர்கள் எல்லோரும் பாதித் தூக்கத்தில் இருப்பதுபோலத் தெரிவார்கள். மெத்தை செய்கிற இடத்துக்கு அது பொருத்தம்தான்.

அதன் முதலாளியை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்த வெட்டுக்காரம்மாகூட அக்கா என்பாள். உண்மையில் அவள் அக்காவாகப் பிறந்தது ஒரே ஒருவனுக்குத்தான். அந்தத் தம்பிதான் பட்டறையின் புரோகிராமை எழுதியவன்.

அங்கே செய்தது ஒரே கட்டிலில் படுக்கிற இரண்டு பேருக்கு இரண்டு விதமான மெத்தை, ஒரே உறைக்குள். ஆள் கனமா, அவர் பக்கம் கெட்டி. இடுப்பு வலியா, அந்தப் பக்கம் மெத்து. தோள் அழுந்தும் இடத்தில் கொஞ்சம் குழிவு. வாங்குகிறவர்கள் தங்கள் எடை, படுக்கிற வாகு, எங்கே வலி என்பதையெல்லாம் இணையப் பக்கத்தில் சொல்வார்கள். தம்பியின் புரோகிராம் கணக்குப் போட்டு, எந்தப் பக்கத்துக்கு எந்த ஃபோம் என்று வெட்டு மேசையின் திரையில் காட்டும். வெட்டுக்காரம்மா திரையைப் பார்ப்பாள், வெட்டுவாள், அடுக்குவாள். சண்டை போடாமல் தூங்க வேண்டும் என்று நினைக்கிற தம்பதிகள் உலகத்தில் நிறைய இருந்ததால் வியாபாரம் தானாக வளர்ந்தது.

வளர்ந்ததும் புரோகிராம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. திடீரென்று நின்றுவிடும். நின்றால் தம்பிதான் வர வேண்டும். வேறு யாருக்கும் அதன் தலை எது வால் எது என்று தெரியாது. அவன் குளித்துக்கொண்டிருந்தாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் போன் அடிக்கும். அவன் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்றும் அடித்தது.

ஆஸ்பத்திரி நடையில், தரையில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து நாற்காலியில் அக்கா. கதவுக்கு உள்ளேயிருந்து குழந்தையின் முதல் அழுகை கேட்டது. அவன் நிமிரவில்லை. நர்ஸ் வந்து தோளைத் தட்டியபோது, "ஒரு நிமிஷம் சிஸ்டர், இது மட்டும் ஓடட்டும்," என்றான். அது ஓடியது. பட்டறையில் மெத்தைகள் வெட்டுப்பட்டன. அக்கா அவனுக்கு முன்னால் உள்ளே போய்க் குழந்தையைப் பார்த்தாள்.

அவளுக்குப் பாசம் வந்தால் வாய் வழியாக வராது. எதையாவது வாங்கிக் கொண்டுவந்து போடுவாள். இந்த முறை ஓர் ஆளை வாங்கலாம் என்று முடிவு செய்தாள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

வளர்கிற கம்பெனிகளுக்குப் பகுதி நேரத் தொழில்நுட்பத் தலைவர்களை அனுப்புகிற ஏஜென்சி ஒன்று இருந்தது. வீடியோவில் வந்த ஏஜென்சிக்காரி நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தாள்.

"இவரை முழு நேரத்துக்கு வெச்சுக்கணும்னா பெரிய கம்பெனிகளுக்கே கட்டுப்படியாகாது மேடம். வாரத்துல ஒரு நாள்னா உங்களுக்கும் சரியா இருக்கும்."

"மத்த நாள்ல என்ன பண்ணுவார்?"

"வேற கம்பெனிகள்ல இருப்பார். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு இடம். உங்களுக்கு வியாழக்கிழமை காலியா இருக்கு."

"அப்போ எங்களைப் பத்தி எப்போ யோசிப்பார்?"

ஏஜென்சிக்காரி சிரித்தாள். "வியாழக்கிழமை."

அக்காவுக்கு அந்தக் கிழமை வசதியாகத்தான் பட்டது. வியாழக்கிழமை பட்டறையில் வெட்டு கிடையாது. அன்றைக்குத்தான் பிளேடு மாற்றுவார்கள், ஃபோம் லாரி வந்து சரக்கு இறக்கும். வந்தவர் இடைஞ்சல் இல்லாமல் வேலை பார்க்கலாம்.

வந்தவர் உயரமாக, கொஞ்சம் கூனலாக, எங்கேயோ வண்டியை விட்டுவிட்டு வந்தவர்போல இருந்தார். கழுத்தில் எந்தக் கம்பெனியின் அட்டையும் தொங்கவில்லை. மாற்றி மாட்டிக்கொண்டு போய் ஒருமுறை அவமானப்பட்டதால் எல்லாவற்றையும் பையிலேயே வைத்திருப்பதாகச் சொன்னார். அவருக்கு வியாழக்கிழமைக்காரர் என்று பெயர் விழுந்தது. வெட்டுக்காரம்மா மட்டும் வேறு பெயர் வைத்தாள்.

"அஞ்சு வீட்டு மாப்பிள்ளை," என்றாள். "இன்னைக்கு நம்ம முறை. நல்லா கவனிச்சு அனுப்புங்க, நாளைக்கு அடுத்த வீட்டுல போய்க் குறை சொல்லக் கூடாது."

தம்பி சிரிக்கவில்லை. மேல் மாடி அவன் குடும்பத்துக்கு, கீழே அக்கா என்று ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அன்று சாயங்காலம் படிக்கட்டில் நின்றுகொண்டே கேட்டான்.

"சொல்லிட்டுக் கொண்டுவந்திருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

அதற்குப் பிறகு அவன் பேச்சு குறைந்தது. சண்டை என்று எதுவும் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் யாரோ ஒரு ஃபோம் கட்டையைக் கொண்டுவந்து நிறுத்தியதுபோல, சொன்னதெல்லாம் பாதியில் அமுங்கிப்போனது. சில வியாழன்கள் போன பிறகு, வேறு ஊரில் ஒரு கம்பெனியில் தனக்கு வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான்.

"எல்லாத்தையும் அவர்கிட்ட ஒப்படைச்சிட்டு மாசக் கடைசியில கிளம்புறோம். குழந்தைக்கும் அங்க நல்லா இருக்கும்."

போகாதே என்று அவள் நினைத்தாள். "உன் இஷ்டம்," என்று சொன்னாள். மாடியில் குழந்தை அழுதது. அந்த அழுகையும் இனி மாதக் கடைசி வரைதான் கேட்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு படுத்தாள். அவள் கட்டிலில் கிடந்ததும் பட்டறையில் மாதிரிக்குச் செய்த மெத்தைதான், ஒரு பக்கம் கெட்டி, ஒரு பக்கம் மெத்து. கணவன் என்று ஒருவன் கொஞ்ச காலம் இருந்து போயிருந்தான். அதிலிருந்து இரண்டு பக்கமும் அவளுடையதே. எந்தப் பக்கம் படுத்தாலும் மற்றப் பக்கம்தான் தன் பக்கம் என்று தோன்றும்.

பட்டறைக்கு ஒரு புது வழக்கம் தொற்றிக்கொண்டது. எதைக் கேட்டாலும் வியாழன் வரட்டும். திரை மங்கலாகத் தெரிகிறதா, வியாழன் வரட்டும். வாங்கியவர் முகவரி மாற்றச் சொல்கிறாரா, வியாழன் வரட்டும். போன் எடுக்கிற பெண்ணுக்கு ஹலோ என்றே பெயர். அவள் வாடிக்கையாளர்களிடமே வியாழன் வரட்டும் என்று சொல்ல ஆரம்பித்து, அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மற்ற நாள்களெல்லாம் அந்த ஒரு நாளின் வாசலில் வரிசையில் நிற்பதுபோல இருந்தது. தம்பி அடுத்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை அவர் வெட்டு மேசையின் மேல் ஏறிப் படுத்தார்.

பிளேடைக் கழற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். மேசை சும்மா கிடந்தது. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மல்லாந்து, கூரைக் கண்ணாடியைப் பார்த்தபடி கைகளை விரித்தார். மேலே தூள் மிதந்தது. கண்ணை மூடித் தூங்கிவிட்டாரோ என்று அக்கா பயந்தாள்.

"இங்க வாங்க," என்று படுத்தபடியே கூப்பிட்டார். "என் இடது கை எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம்."

"நீங்க என் கால்மாட்டுல நிக்கிறீங்க. வெட்டுறவங்க நிக்கிற இடமும் திரை இருக்கிற இடமும் அதுதான். உங்களுக்கு இடது எந்தப் பக்கம்?"

அவள் தன் கையைப் பார்த்தாள். எதிர்ப்பக்கம்.

"படுத்திருக்கிறவரோட இடதை, புரோகிராம் அப்படியே இடதுன்னு திரைக்கு அனுப்புது. நிக்கிறவங்களுக்கு அது வலது. அப்போ கெட்டி வர்ற இடத்துல மெத்து வரும், மெத்து வர்ற இடத்துல கெட்டி வரும். ஆரம்பத்துல இருந்தே இப்படித்தான் இருக்கு." எழுந்து உட்கார்ந்தார். முதுகெல்லாம் வெள்ளை. "ஒருத்தர்கூட புகார் பண்ணலையா?"

"இல்லையே."

"தூங்குறவங்களுக்கு எங்க தெரியப்போகுது."

அக்காவுக்கு முகம் சுட்டது. இத்தனை வருஷம் ஊர் முழுக்க ஆளை மாற்றிப் படுக்க வைத்திருக்கிறோமா? ஃபோம் ஓரமாகத் தம்பி நின்றிருந்தான். எல்லோர் முன்னாலும் அவனைப் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

"இத்தனை வருஷமா இதைக்கூடப் பாக்கலையா நீ?"

தம்பி வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். தன் மேசைக்குப் போய் உட்கார்ந்து, ஒப்படைக்க வேண்டியவற்றை ஒழுங்கு செய்ய ஆரம்பித்தான். வியாழக்கிழமைக்காரர் அன்றே புரோகிராமில் இடதையும் வலதையும் மாற்றிப் போட்டுவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாளிலிருந்து வெட்டு வழக்கம்போல நடந்தது. மெத்தைகள் சுருட்டி உறையிடப்பட்டு வண்டியேறிப் போயின. அடுத்த வாரத் தொடக்கத்திலேயே போன்கள் வர ஆரம்பித்தன. அவை வழக்கமான புகார்கள் மாதிரி இல்லை. ஹலோ போனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒருத்தர் நல்லா தூக்கம் வருதுன்னு புகார் சொல்றார்."

"வந்தா நல்லதுதானே?"

"வருதாம். ஆனா அது அவரோட தூக்கம் இல்லையாம்."

அக்கா போனை வாங்கினாள். மறுபக்கம் ஒரு நடுத்தர வயதுக் குரல் யோசித்து யோசித்துப் பேசியது. "எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க. அடுத்தவங்க வீட்டுல படுத்த மாதிரி இருக்கு. எனக்குத் தண்ணின்னாலே பயம், நீச்சல்கூடத் தெரியாது. கனவுல கடல் வருது. எங்க வீட்டம்மாதான் கடலோரத்துல வளர்ந்தவங்க. அவங்க என்னடான்னா கனவுல ஆபீஸ் போறாங்களாம். காலையில எழுந்ததும் என் மேனேஜரைத் திட்டுறாங்க."

இன்னொரு பெண், கணவரின் குறட்டை தன் மூக்கிலிருந்து வருவதாகச் சொன்னாள். இன்னொருவர் விவரம் எதுவும் சொல்லாமல், "என்னவோ பண்ணிட்டீங்க," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அக்கா கனவை நம்புகிறவள் இல்லை. உடம்பு தன் பள்ளத்தைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, மனசு கிடந்து உளறுகிறது, அவ்வளவுதான் என்று நினைத்தாள். ஆனால் பட்டறையில் நடக்கும்போது காலடியில் தரை மெத்தென்று அமுங்குவதுபோல இருந்தது. எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். வியாழன் வரட்டும். தம்பி அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அன்றிரவு வீட்டில், மாடியிலிருந்து தம்பி மனைவி குழந்தையோடு இறங்கி வந்தாள்.

"அண்ணி, இவர் சரியாத் தூங்குறதே இல்ல. எழுந்து உக்காந்துடுறார். என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கிறார்."

"ஊர் மாறப்போறீங்க இல்ல, அந்த யோசனையா இருக்கும்."

"எனக்கு அப்படித் தோணல அண்ணி," என்று மட்டும் சொன்னாள் அவள். குழந்தை அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

புதன்கிழமை முதல் மெத்தை திரும்பி வந்தது. வெட்டுக்காரம்மா உறையைப் பிரித்தாள். கெட்டி இருக்க வேண்டிய பக்கம் மெத்து.

"திரையில வந்தபடிதான் வெட்டினேன்," என்றாள். "என் கையை வேணும்னா கேட்டுப் பாருங்க."

அக்கா வியாழக்கிழமைக்காரருக்குப் போன் போட்டாள். எடுத்தார். பின்னால் ஏதோ பெரிய குளிர் அறையின் உறுமல் கேட்டது.

"மாறித்தான் வருது," என்றாள். "உங்க திருத்தத்துக்கு அப்புறம்தான்."

அவர் தணிந்த குரலில் சொன்னார். "நான் இப்போ மீன் கம்பெனியில இருக்கேன். இன்னைக்கு நான் இவங்க ஆள். இவங்க நாள்ல உங்க வேலையைப் பார்த்தா, உங்க நாள்ல வேற யார் வேலையோ பார்ப்பேன். நாளைக்கு முழுசா உங்க ஆள்."

"மீன் கெட்டுப்போகும், மனுஷன் கெட்டா பரவாயில்லையா?"

"வெட்டுறதை நிறுத்தி வைங்க. காலையில முதல் ஆளா வர்றேன்."

அவள் நிறுத்தினாள். ஆனால் இரண்டு கேள்விகள் அவளை விடவில்லை. திருத்துவதற்கு முன்னால் தப்பாக இருந்திருந்தால், ஏன் ஒரு புகாரும் வரவில்லை? திருத்தியது சரி என்றால், இப்போது ஏன் வருகிறது? சும்மா கிடந்த மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அந்த மனிதர் வந்த எல்லா நாளும் இந்த மேசை இப்படித்தான் கிடந்திருக்கிறது.

"நாளைக்குப் பிளேடு மாத்த வேண்டாம்," என்றாள். "லாரியைச் சாயங்காலம் வரச் சொல்லு. நாளைக்கு வெட்டு."

"வியாழக்கிழமை வெட்டா?" வெட்டுக்காரம்மா மூக்கில் விரல் வைத்தாள். "மாப்பிள்ளை வந்த நேரம், என்னென்னமோ நடக்குது."

வியாழக்கிழமைக்காரர் வந்தபோது மேசை ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தூள் பனி மாதிரி மிதந்தது. ஃபோம் வெட்டுப்படும்போது யாரோ நீளமாகப் பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் வரும். அதை அவர் கேட்டதே இல்லை. மெல்ல நடந்து வந்து மேசையோரம் நின்றார். அக்கா எதிரே. தம்பி ஃபோம் அடுக்கின் ஓரமாக, அன்று நின்ற அதே இடத்தில்.

திரையில் 'இடது: கெட்டி' என்று வந்தது. வெட்டுக்காரம்மா அதைப் பார்த்தாள். கெட்டி ஃபோமை எடுத்தாள். தன் வலப்பக்கம் போட்டாள்.

"நில்லுங்க," என்றார் அவர். "திரையில என்ன போட்டிருக்கு?"

"இடது, கெட்டி."

"நீங்க எங்க போட்டீங்க?"

"இடதுலதான்." அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். கை வலப்பக்கம் இருந்தது. யாரோ விளையாட்டுக்குத் தன் கையை மாற்றி வைத்துவிட்டதுபோல விழித்தாள். "எப்பவும் இப்படித்தானே போடுறேன்?"

"எப்பவுமா?"

"எப்பவும்தான். எனக்கென்னங்க தெரியும், கை அதுபாட்டுக்குப் போகுது."

எல்லோருக்கும் புரிந்தது. திரை தப்பாகச் சொன்ன காலத்தில் அவள் கை தானாக அதைத் திருப்பிப் போட்டிருக்கிறது. அதனால் மெத்தை சரியாக வந்திருக்கிறது. இப்போது திரை சரியாகச் சொல்கிறது. கை இன்னமும் திருப்பிப் போடுகிறது. அவள் திறமையும் இதில் இல்லை, குற்றமும் இல்லை. கண்ணாடி பார்த்துத் தலை வாருகிறவர் எந்தக் கை எந்தப் பக்கம் என்று யோசிக்கிறாரா?

வியாழக்கிழமைக்காரர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "நான் பார்த்தது உங்க வியாழக்கிழமையை மட்டும்தான்," என்றார். "அதை வெச்சுக்கிட்டு வாரம் முழுக்கத் திருத்திட்டேன்."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசையைச் சுற்றி நின்ற எல்லோர் முகத்திலும் ஆச்சரியம் இருந்தது. அவன் முகத்தில் இல்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனைச் சரக்கு இறக்குகிற முற்றத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே எதிரொலி உண்டு. அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எப்போ இருந்து?"

"ஆரம்பத்துல இருந்தே. தப்பா எழுதினது நான்தான். திருத்தலாம்னு வந்து பார்த்தா அவங்க கை ஏற்கெனவே திருத்திடுச்சு. ரெண்டையும் தொட வேண்டாம்னு விட்டுட்டேன்."

"அன்னைக்கு அவர் மேசையில படுத்தப்போ ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன்." அவன் நிமிர்ந்தான். "அதுக்குள்ள நீ கேட்டுட்டியே. இதைக்கூடப் பாக்கலையான்னு."

அவளுக்கு அந்தத் திறந்து மூடிய வாய் ஞாபகம் வந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்ல அவளுக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். மெத்தை ஏற்றுகிற வேன் முற்றத்தில் காலியாக நின்றது.

"போன மெத்தை எல்லாத்தையும் மாத்திக் கொடுக்கணும்," என்றாள். "நீதான் தூக்கிட்டு மாடி ஏறணும். நான் வண்டி ஓட்டுறேன்."

"சரி."

உள்ளே வியாழக்கிழமைக்காரர் வேறு ஒரு யோசனையோடு இருந்தார். மெத்தையை மாற்றவே வேண்டாம், தம்பதிகள் பக்கம் மாறிப் படுத்தால் போதும் என்றார். கணக்குப்படி அது சரி. ஹலோ ஒரு வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிப் பார்த்தாள். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். ஃபோம் விழுங்கியும் மிச்சம் கேட்டது.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் ஜன்னல் பக்கம். மெத்தைக்காக நான் மாறணுமா? நீங்க என்ன மெத்தை விக்கிறீங்களா, குடும்பத்தைப் பிரிக்கிறீங்களா?"

"தலைமாட்டைக் கால்மாடா திருப்பிப் போடச் சொல்லலாமா?" என்றாள் ஹலோ.

"தோளுக்கு விட்ட குழிவு முழங்காலுக்கு வரும்," என்றான் தம்பி. அந்த இடத்தில் அவன் தானாக வாயைத் திறந்து சொன்னது வெகு நாளைக்குப் பிறகு அதுதான். வியாழக்கிழமைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்த மாதிரி வேற என்னென்ன இருக்கு?" என்று கேட்டார். "புரோகிராம்ல இல்லாதது. உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது."

சாயங்காலம் லாரி வரும் வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் வேலையாகப் புரோகிராமில் இடதும் வலதும் பழையபடி தப்பாகவே திரும்பிப் போயின. வெட்டுக்காரம்மா தன் கையை மன்னித்துவிட்டாள். புரோகிராம் நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்று தம்பி ஹலோவைப் பக்கத்தில் உட்காரவைத்து, வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி ஓட வைத்துக் காட்டினான். அவள் முதல்முறை பயந்தாள், பிறகு அவனைத் தள்ளி உட்காரச் சொன்னாள். அக்கா தூரத்திலிருந்து பார்த்தாள். பேசுவது கேட்கவில்லை. தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல வாய்கள் அசைந்தன.

வெள்ளிக்கிழமை, புதிதாக வெட்டிய மெத்தைகளோடு வேன் கிளம்பியது. மத்தியான வெளிச்சத்தில் பிறர் படுக்கையறைகள் விசித்திரமாக இருக்கும். திரைச்சீலை பாதி இழுத்திருக்கும், ஒரு செருப்பு கட்டிலுக்கு அடியில் இருக்கும், தலையணைகள் பேச்சை நிறுத்திவிட்டு வந்தவர்களைப் பார்ப்பதுபோலக் கிடக்கும். வீட்டுக்காரர்கள் தங்கள் அறைக்கே விருந்தாளிபோல வாசலில் நின்றார்கள். தம்பி பழையதைத் தூக்கிக்கொண்டு இறங்கினான், புதியதைத் தூக்கிக்கொண்டு ஏறினான். லிப்ட் இல்லாத மாடியில்கூட முகம் சுளிக்கவில்லை.

கடல் கனவு கண்டவர் வீட்டில் கதவைத் திறந்தது அவர் மனைவி.

"வேண்டாம், இருக்கட்டும்," என்றாள்.

"உங்க வீட்டுக்காரர்தானே புகார் சொன்னார்?"

"அது முந்தி." உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நேத்து எங்கிட்ட அலை எப்படி இருக்கும்னு கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல கேட்டதில்ல. அது அப்படியே கிடக்கட்டும்மா."

வேனுக்குத் திரும்பி வந்தபோது தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். கதவைச் சாத்திவிட்டுச் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, முன்னால் பார்த்தபடி கேட்டான்.

"அவரை எதுக்குக் கொண்டுவந்தே? நிஜமாச் சொல்லு."

அவள் வண்டியைக் கிளப்பினாள். தெரு திரும்பிய பிறகு சொன்னாள்.

"உன் பொண்ணு பொறந்து அழுதா. நீ நிமிரல."

சிக்னலில் நின்றபோது, முதுகு வலிக்கிறது, கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்று இருக்கைக்குப் பின்னால் தாவிப் போனான். திரும்ப எடுத்த மெத்தைகள் அங்கே கிடந்தன. யாருடையதோ ஒன்றின் மேல், யாருடையதோ பக்கத்தில், சட்டையைக்கூடத் தளர்த்தாமல் தூங்கிப்போனான். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். சின்ன வயதில் பஸ்ஸில் அவள் மடியில் இப்படித்தான் விழுவான். வேகத்தைக் குறைத்தாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனான்.

போன் அடித்தது. பட்டறை. புரோகிராம் நின்றிருக்கும். எழுப்ப வேண்டும். கை பின்னால் போகவில்லை. ஓரங்கட்டி நிறுத்தி எடுத்தாள்.

"அக்கா, புரோகிராம் நின்னுடுச்சு," என்றாள் ஹலோ.

"ம்."

"நானே ஓட வெச்சுட்டேன். ஓடுது. சும்மா சொல்லலாம்னு கூப்பிட்டேன்."

"இதுக்கெல்லாமா போன் பண்ணுவே? வை."

வைத்துவிட்டு, வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். மரத்தடி நிழல் கண்ணாடியில் ஆடியது. வெளியே ஆள்கள் நடந்தார்கள். கண்ணாடி ஏற்றியிருந்ததால் சத்தமில்லை.

"யாரு?" பின்னாலிருந்து கரகரத்த குரல்.

"யாரும் இல்ல. தூங்கு."

"எவ்வளவு நேரமாத் தூங்கறேன்?"

"நான் என்ன மணி பார்த்துக்கிட்டா இருக்கேன்?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். கன்னத்தில் உறையின் தையல் பதிந்திருந்தது. "அவர் நேத்து ஒண்ணு சொன்னார். அந்த ஊர் கம்பெனிக்கு முழு நேரமும் போக வேண்டாம், அவரை மாதிரியே வாரத்துல ஒரு நாள் வர்றேன்னு கேட்டுப் பாருன்னார். காலையில கேட்டேன். சரிங்கிறாங்க."

அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தக் கிழமை?"

"வியாழன்."

"அன்னைக்கு இங்க அவர் இருப்பாரே."

"அதனாலதான்," என்றான். முன்னால் தாவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அடுத்த வீடு எத்தனையாவது மாடி?"